படித்துவிட்டுப் போடுங்கள்



விடுமுறைக் காலம் நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "ஸ்கைரிம் விளையாட்டில் ஆசை ஆசையாக மாட்கள் போட்டேன். இப்போது விளையாட்டே திறக்க மறுக்கிறது. என்ன செய்ய?" கேட்கிறவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு, வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடும் பெரியவர்களும் உண்டு. தனித்தனியே பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சில வரிகள். 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் ஐந்தாம் விளையாட்டு ஸ்கைரிம். அமெரிக்காவின் பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இது 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. பனிமலைகளும் டிராகன்களும் இடிந்த கல்லறைகளும் நிறைந்த ஒரு நாடு. கதை ஒரு பக்கம் காத்திருக்க, நீங்கள் எந்தத் திசையிலும் நடக்கலாம். நல்ல விளையாட்டுகள்கூடச் சில ஆண்டுகளில் மறக்கப்பட்டுவிடும் இந்தத் துறையில், ஸ்கைரிமை இன்றும் புதிதாக நிறுவி விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெரிய காரணம் மாட்கள். விளையாடுகிறவர்களே செய்து, பெரும்பாலும் இலவசமாகப் பகிரும் மாற்றங்களும் சேர்க்கைகளும்தான் அவை.

இந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள் விளையாட்டைச் செய்தவர்களே. 2002இல் இதே வரிசையின் முந்தைய விளையாட்டான மோரோவிண்டின் கணினிப் பதிப்போடு, அந்த உலகத்தைத் திருத்தியமைக்கும் 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்ற கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஸ்கைரிமுக்கான 'கிரியேஷன் கிட்' என்ற கருவி 2012 பிப்ரவரியில் இலவசமாக வந்தது. கருவி கைக்கு வந்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பது ஒரு தனி வரலாறு. மூல விளையாட்டின் பட்டியல் திரைகள் கணினியில் விசைப்பலகையும் மவுஸும் வைத்து விளையாடுகிறவர்களுக்குச் சிரமமாக இருந்தன. 'ஸ்கை யூஐ' என்ற மாட் அந்தத் திரைகளையே மாற்றிக்கொடுத்தது. 'அன்அஃபிஷியல் பேட்ச்' குழுவினர், முடியாமல் நின்றுபோகும் பணிகள், தப்பான இடத்தில் மிதக்கும் பொருள்கள் என்று நூற்றுக்கணக்கான பிழைகளைத் தேடித் தேடித் திருத்தினார்கள். 2013இல் 19 வயது இளைஞர் ஒருவர் 'ஃபால்ஸ்கார்' என்று ஒரு புதிய தீவையே உருவாக்கி வெளியிட்டார். ஜெர்மனியின் ஷூர்ஏஐ குழு 2016இல் 'எண்டெரால்' என்ற பெயரில், வேறு உலகமும் வேறு கதையும் கொண்ட முழு விளையாட்டையே ஸ்கைரிமின் மேல் கட்டியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் பியர்ஸ் என்ற வழக்கறிஞர் 2015இல் வெளியிட்ட 'தி ஃபர்காட்டன் சிட்டி' மாட், அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு அதையே தனி விளையாட்டாக வளர்த்து 2021இல் வெளியிட்டார்.

இவற்றை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஒரு நொடியில் பதிவிறக்கும் கோப்புக்குப் பின்னால் ஒருவருடைய மாதங்களும் சில சமயம் ஆண்டுகளும் இருக்கின்றன. அவர் தன் மாட் பக்கத்தில் எப்படிப் போட வேண்டும், எதனோடு சேராது, எது முன்கூட்டியே வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்காமல் போடுவதுதான் நமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்ட தொல்லைகளுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2011இல் வந்தது 32 பிட் விளையாட்டு. 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். ஒன்றுக்குச் செய்த மாட் மற்றதில் அப்படியே ஓடும் என்று நம்பிப் போடக் கூடாது. ஸ்பெஷல் எடிஷனுக்குள்ளும் பதிப்பு எண் முக்கியம். ஏனென்றால் பல பெரிய மாட்கள் எஸ்கேஎஸ்இ எனப்படும் 'ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' மேல் நிற்கின்றன. அது விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டுமே பொருந்தும். 2021 நவம்பரில் ஆண்டுவிழாப் பதிப்பையொட்டிப் பெரிய புதுப்பிப்பு வந்தபோது, நேற்றுவரை ஓடிய பல மாட்கள் மறுநாள் நின்றுபோனதற்கு இதுவே காரணம். விளையாட்டுகளை வாங்கித் திறக்கும் ஸ்டீம் செயலியின் அமைப்புகளில், விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டீம் பொத்தானை விட்டுவிட்டு எப்போதும் எஸ்கேஎஸ்இ வழியாகவே திறக்கப் பழகுங்கள்.

அடுத்தது, இடம். விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் விளையாட்டை வைக்காதீர்கள். அந்தக் கோப்புறையில் மற்ற செயலிகள் கை வைப்பதை விண்டோஸ் தடுக்கும். வேறொரு இடத்தில் தனியாக ஒரு ஸ்டீம் கோப்புறை அமைத்து அதில் நிறுவுங்கள். மாட் எதுவும் போடாமல் ஒருமுறை திறந்து, புதிய ஆட்டம் தொடங்கி, சிறிது நடந்து பாருங்கள். வெறும் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது என்பது உறுதியானால், பின்னால் வரும் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பம் இருக்காது.

மூன்றாவது, மாட் மேலாளர். கோப்புகளை நேரடியாக விளையாட்டின் 'டேட்டா' கோப்புறையில் கொட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். எது யாருடைய கோப்பு என்று பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. 'மாட் ஆர்கனைசர் 2' ஒவ்வொரு மாட்டையும் அதனதன் கோப்புறையில் தனியாக வைத்து, விளையாட்டைத் திறக்கும் நேரத்தில் மட்டும் எல்லாம் ஒன்றாக இருப்பதுபோல் காட்டும். மூல விளையாட்டின் கோப்புறை தொடப்படாமலே இருக்கும். மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தின் 'வோர்டெக்ஸ்' தொடங்குவதற்கு எளிது. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

இப்போது மாட் பக்கத்தைத் திறங்கள். 'ரிக்வயர்மெண்ட்ஸ்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதில் சொல்லியிருப்பதை முதலில் போட்ட பிறகே இதைப் போட வேண்டும். எவற்றோடு ஒத்துப்போகாது என்ற பகுதியைப் படியுங்கள். மற்றவர்கள் சமீபத்தில் தெரிவித்திருக்கும் கோளாறுகளையும் பாருங்கள். பிறகு ஒரு மாட் போடுங்கள், விளையாட்டைத் திறங்கள், பாருங்கள், மூடுங்கள். அடுத்ததைப் போடுங்கள். ஒரே இரவில் ஐம்பதைப் போட்டுவிட்டு விளையாட்டு நின்றுபோனால் ஐம்பது மாட்களின் மேலும் சந்தேகம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டால் கோளாறு தரும் மாட் தானே தெரிந்துவிடும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் 'லோட் ஆர்டர்' என்ற வரிசை. ஒரு கட்டுரையின் கையெழுத்துப் பிரதியில் மூன்று பேர் ஒரே வரியைத் திருத்தினால், கடைசியாகக் கை வைத்தவர் எழுதியதுதான் அச்சுக்குப் போகும். இங்கேயும் அதே விதி. இரண்டு மாட்கள் ஒரே வாளின் விலையையோ ஒரே ஊரின் கடைக்காரரையோ மாற்றினால், வரிசையில் பின்னால் நிற்பதன் சொல்லே செல்லும். முன்னால் நிற்பது சொன்னது, அந்த ஒரு விஷயத்தில், மறைந்துபோகும்.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படம், உருவம், ஒலி போன்ற கோப்புகள் ஒன்றை ஒன்று மூடுவது ஓர் அடுக்கு. மாட் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் 'பிளக்இன்' கோப்பில் இருக்கும் பதிவுகள் ஒன்றை ஒன்று மூடுவது இன்னோர் அடுக்கு. மாட் ஆர்கனைசரில் இடப்பக்கப் பட்டியல் முதலாவதையும் வலப்பக்கப் பட்டியல் இரண்டாவதையும் தீர்மானிக்கின்றன. "ஊர்க்காரர் ஒருவருடைய முகம் மட்டும் கறுத்துத் தெரிகிறது, உடம்பு சரியாக இருக்கிறது" என்று வரும் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் மூக்கும் புருவமும் எப்படி இருக்க வேண்டும் என்பது பிளக்இன் பதிவில் இருக்கும். முன்கூட்டியே செய்துவைத்த முக உருவம் தனிக் கோப்பாக இருக்கும். பதிவு ஒரு மாட்டிலிருந்தும் முகக் கோப்பு வேறொரு மாட்டிலிருந்தும் வந்தால் இரண்டும் பொருந்தாமல் முகம் கறுத்துவிடும். இரண்டு பட்டியலிலும் ஒரே மாட் வெல்லும்படி வைத்தால் சரியாகிவிடும்.

பிளக்இன்களை வரிசைப்படுத்த 'லூட்' என்ற கருவி உதவும். தொடக்கத்துக்கு அது தரும் வரிசை நல்லது. ஆனால் கோப்புகளின் மோதலை அது தீர்க்காது, உங்கள் விருப்பம் என்ன என்பதும் அதற்குத் தெரியாது. எந்தப் பதிவில் யார் யாரை மூடுகிறார்கள் என்று வரிவரியாகக் காட்ட 'எஸ்எஸ்இ எடிட்' இருக்கிறது. முதலில் மிரட்டும். இரண்டு மாட்களை மட்டும் திறந்து பழகினால் கைவந்துவிடும். பிரபலமான இரண்டு மாட்கள் மோதினால், இரண்டையும் இணக்கும் 'பேட்ச்' ஒன்றை யாராவது செய்து வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

எத்தனை போடலாம்? விளையாட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பதினறும எண்முறையில் எட்டு இலக்க எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் எந்தப் பிளக்இனிலிருந்து வந்தது என்பதைச் சொல்கின்றன. இரண்டு இலக்கத்தில் 256 எண்களே அடங்கும். அவற்றில் கடைசி இரண்டை விளையாட்டு தனக்கென வைத்துக்கொள்வதால், ஸ்பெஷல் எடிஷனில் மூல விளையாட்டின் கோப்புகளையும் சேர்த்து முழு அளவுப் பிளக்இன்கள் 254தான். சிறிய மாட்களுக்கான 'லைட்' பிளக்இன்கள் ஒரே எண்ணின் கீழ் 4096 வரை அடங்கும். எண்ணிக்கைக்கு இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் ஆட்டத்துக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சில அறிகுறிகளை நினைவில் வையுங்கள். ஒரு பொருள் ஊதா நிறத்தில் தெரிந்தால் அதன் மேற்பூச்சுப் படம் காணவில்லை. பொருளின் இடத்தில் ஆச்சரியக்குறியோடு சிவப்பு அடையாளம் நின்றால் அதன் உருவக் கோப்பு காணவில்லை. முதன்மைத் திரை வருவதற்கு முன்பே விளையாட்டு மூடிக்கொண்டால், ஏதோ ஒரு மாட் சார்ந்திருக்கும் மூலப் பிளக்இன் இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். மாட் மேலாளர் அதை எச்சரிக்கையாகக் காட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாதி ஆட்டத்தில் மாட்களைப் பிடுங்காதீர்கள். ஸ்கிரிப்ட் கொண்ட மாட்கள் தங்கள் தகவல்களை உங்கள் சேவ் கோப்புக்குள் எழுதி வைக்கின்றன. மாட்டை நீக்கினாலும் அந்த எச்சம் உள்ளேயே இருக்கும். உடனே ஒன்றும் ஆகாது. நாற்பது மணி நேரம் விளையாடிய பிறகு சேவ் கெட்டுப்போகலாம். படமும் ஒலியும் மாற்றும் எளிய மாட்களை நீக்கலாம். மற்றவற்றை நீக்க வேண்டுமென்றால் அதைப் போடுவதற்கு முன்பு வைத்த சேவுக்குத் திரும்புங்கள், அல்லது புதிய ஆட்டம் தொடங்குங்கள்.

கடைசியாக, மாட்களுக்குப் பின்னாலுள்ள உழைப்பு யாருடையது என்ற விஷயம். 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீமை நடத்தும் வால்வும் பெதெஸ்டாவும் சேர்ந்து ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கின. மாட் செய்தவருக்கு விலையில் கிடைத்த பங்கு 25 சதவீதம். ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, திட்டத்தைக் கைவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். செய்தவருக்குக் கூலி கிடைக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் செய்த உருவத்தை இன்னொருவர் வாங்கி மெருகேற்றி, மூன்றாமவர் அதன் மேல் கதை கட்டும் கொடுக்கல் வாங்கலில்தான் இந்தச் செல்வம் வளர்ந்தது. அதற்கு நடுவில் திடீரென்று விலைச்சீட்டு வந்தால் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பதே தீராத வழக்காகிவிடும். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இலவசம் என்பதற்காக உரிமை இல்லை என்று ஆகிவிடாது. எதை அனுமதிக்கிறார், எதை அனுமதிக்கவில்லை என்று மாட் செய்த ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அனுமதியில்லாமல் மாட்டை வேறிடத்தில் ஏற்றாதீர்கள், நண்பர்களுக்குத் தொகுப்பாக்கிப் பகிராதீர்கள்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். விடுமுறையில் மாட் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், ஆனால் படித்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிடித்திருந்தால் நெக்ஸஸ் மாட்ஸ் பக்கத்தில் உள்ள 'எண்டார்ஸ்' பொத்தானை அழுத்தி, செய்தவருக்கு இரண்டு வரி நன்றி எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் கூலி அதுதான். கோளாறு வந்தால் விளையாட்டின் பதிப்பு எண், மாட் பட்டியல், கடைசியாகப் போட்டது எது, எந்த இடத்தில் நின்றது என்ற விவரங்களோடு பணிவாகத் தெரிவியுங்கள். நமக்கு எழுதும்போதும் அந்த நான்கு விவரங்களையும் சேர்த்தே எழுதுங்கள், பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்