சோதனைக்கே சோதனை

எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயிக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். சேகோ ஆலைக்கு லோடு போனதும், கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறதென்று அளந்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுவார்கள். லோடோடு போனவரின் கண் கிழங்கை விட்டுவிட்டு, அளக்கிற மிஷினையே பார்த்துக்கொண்டிருக்கும். போன வாரம் காட்டியதற்கும் இன்றைக்குக் காட்டுவதற்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்காமல் அவர் வண்டியைத் திருப்ப மாட்டார்.

நோயைக் கண்டுபிடிக்கிற சோதனைகள் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தக் கறார் கிடையாது. லேபிலிருந்து தாள் வந்துவிட்டால் அதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பையே கூண்டில் ஏற்றி விசாரிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் சி.என். பரமசிவன். சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்து, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படும் இடத்தில் பாக்டீரியாவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். காசநோய்க் கிருமியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிவிட்டு, பிறகு ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஃபைண்ட்' அமைப்பில் சேர்ந்து, புதிய சோதனைகளை இந்திய ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் இறங்கினார். பத்திரிகையில் படம் வருகிற மாதிரியான வேலை அல்ல. ஆனால் டி.பி. இருக்கிறதா என்று இன்று ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

காசநோய்க் கிருமி பொறுமைசாலி. நம் குடலில் இருக்கும் சாதாரண ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். அதை ஆய்வகத்தில் வளர்க்கும் உணவில் முக்கியப் பொருள் கோழிமுட்டை. நாமக்கல் முட்டை லாரிகளைத் தினம் பார்க்கிற நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். முட்டையை அடித்து, உப்புகளும் மேலகைட் பச்சை என்ற சாயமும் கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றிச் சாய்வாக வைத்துச் சூடேற்றுவார்கள். முட்டை சாய்ந்த வாக்கிலேயே உறைந்து நிற்கும். அந்தப் பச்சைச் சரிவின் மேல் பக்குவப்படுத்திய சளியைத் தடவி, 37 டிகிரியில் வைத்துவிட்டு வாரா வாரம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால், சொரசொரவென்று வெளிர் மஞ்சளில் பொரிப்பொரியாக ஒன்று முளைக்கும். மூன்று வாரத்திலும் முளைக்கலாம், ஆறு வாரத்திலும் முளைக்கலாம். எட்டு வாரம் ஆகியும் எதுவும் இல்லை என்றால்தான் 'இல்லை' என்று எழுதலாம். எந்த மாத்திரைக்கு அது மசியும், எதற்கு மசியாது என்று பார்க்க இன்னும் சில வாரம். அதற்குள் நோயாளி தேறியிருக்கலாம், அல்லது போயிருக்கலாம்.

அவசரத்துக்கு இருந்தது மைக்ராஸ்கோப் மட்டும். சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தில் கழுவினால், காசநோய்க் கிருமி மட்டும் சாயத்தை விடாது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ராபர்ட் கோக் 1882இல் இந்தக் கிருமியை உலகத்துக்குக் காட்டிய அந்தப் பத்தாண்டிலேயே வந்த முறை இது. செலவு குறைவு. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் 'நெகட்டிவ்' என்று தாள் வரும். ஆள் மட்டும் வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார்.

சேத்துப்பட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் எவ்வளவு பெரிய இடத்தில் நிரூபித்திருந்தாலும் 'இங்கே வைத்துப் பார்த்தீர்களா?' என்று கேட்பது. அந்த நிறுவனமே அப்படி ஒரு கேள்வியில்தான் பிறந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து அதைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பில் இருந்தார். அதுவரை டி.பி. என்றால் சானடோரியம்தான். நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெருந்துறை, மதராஸ்காரர்களுக்குத் தாம்பரம். ஃபாக்ஸ் குழு 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரையை ஓராண்டு கொடுத்தது. நெருக்கடியான வீடு, நோஞ்சான் சாப்பாடு, உடனே வேலைக்குப் போகிற கட்டாயம் எல்லாம் இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அடுத்து 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை. இரண்டரை லட்சம் பேருக்கு மேல். பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளுக்கு 80 சதவீதத்துக்கு நெருக்கமாகப் பாதுகாப்பு தந்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவே இல்லை. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம். ஆனால் ஒரு ஊரில் பலித்தது இன்னொரு ஊரிலும் பலிக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது.

கிருமியும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இல்லை. மதராஸ் நோயாளிகளிடம் எடுத்த கிருமியையும் பிரிட்டிஷ் நோயாளிகளிடம் எடுத்த கிருமியையும் டெனிஸ் மிட்சிசனும் சேத்துப்பட்டுக்காரர்களும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நம்மூர்க் கிருமிகளில் பல, கினிப்பன்றியிடம் சாதுவாக நடந்துகொண்டன. மனிதரிடம் அந்தச் சாதுத்தனம் இல்லை என்பது வேறு விஷயம். பரமசிவன் காலத்தில் இதே கேள்வி மரபணு வரைக்கும் போனது. ஐ.எஸ்.6110 என்றொரு மரபுத்துண்டு காசநோய்க் கிருமியில் பல பிரதிகளாக இருக்கும். அதை வைத்துக் கிருமியை அடையாளம் காணலாம், கிருமி இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனையும் செய்யலாம் என்று உலக ஆய்வகங்கள் நம்பியிருந்த நேரம். மதராஸ் நோயாளிகளின் கிருமிகளை ஆராய்ந்து 1995இல் வெளியான கட்டுரையில் பரமசிவனும் ஓர் ஆசிரியர். கணிசமான கிருமிகளில் அந்தத் துண்டு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதுவும் இல்லாத கிருமிகளும் இருந்தன. அந்த ஒரு துண்டை மட்டும் தேடுகிற சோதனை, முற்றிய நோயாளியின் சளியைக் கொடுத்தாலும் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடும். இங்கே வைத்துப் பார்க்காமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மருந்துக்கு மசியாத கிருமியை எண்ணியதும் பரமசிவனின் பெரிய வேலை. 1997இல் தமிழ்நாடு முழுவதும் புதிய நோயாளிகளிடம் சளி திரட்டிச் சேத்துப்பட்டில் வளர்த்துப் பார்த்ததில், 3.4 சதவீதம் பேருக்கு இரண்டு முக்கிய மருந்துகளும் கேட்கவில்லை. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத நோயாளியிடம் மாத்திரையை வென்ற கிருமி வந்து சேருகிறது என்றால், அது வேறொருவரிடம் உருவாகித் தொற்றியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கு இல்லாமல், மருந்தெதிர்ப்பைச் சீக்கிரம் சொல்லும் கருவி நமக்கு வேண்டும் என்று யாரிடமும் வாதாட முடியாது.

கருவி வந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பெர்ட் சோதனைக்கு ஒப்புதல் தந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் சிபிநாட் என்கிறோம். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு மசியுமா என்ற இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்தில் பதில். முட்டைக் குப்பி மூன்று மாதம் எடுத்துக்கொண்ட வேலை. ஆனால் அதற்கு நிலையான மின்சாரம் வேண்டும், சூடு ஆகாது. பெங்களூரில் உருவாகி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலேயே உட்காரும். 2020இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது.

நல்ல சோதனையைக் கொண்டுவருவது பாதி வேலைதான். கெட்ட சோதனையை விரட்டுவது மீதிப் பாதி. டி.பி.க்கு ரத்தப் பரிசோதனை என்று ஒன்று சின்ன ஊர் லேப்களில்கூட ஓடிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 15 லட்சம் என்று ஒரு மதிப்பீடு. நம் நாட்டில் பெரியவர்களில் ஏராளமானோர் உடம்பில் இந்தக் கிருமி நோய் ஆகாமலே தூங்குகிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடினால், நல்லா இருக்கிறவருக்கு 'உண்டு' என்றும் நோயாளிக்கு 'இல்லை' என்றும் வரும். வேலூர் சி.எம்.சி.யில் பயின்று, இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மதுகர் பாய் போன்றவர்கள் உலகம் முழுவதும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து இதை அம்பலமாக்கினார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு தடையே போட்டது.

இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டு மூன்று மாதத்தை இரண்டு மணி நேரமாக்கினார்கள். சரி, ஊரில் என்ன நடக்கிறது? எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். குஜராத் ட்ரிப் முடிந்து வரும்போதெல்லாம் இருமல். போன இடத்திலெல்லாம் ஊசி, டானிக், 'புகையை நிறுத்துங்க' என்ற அறிவுரை. ஒரு டாக்டர் மாறி இன்னொரு டாக்டர். உடம்பு கரைந்து பேண்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் அவருடைய அக்கா அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். லேப் பெண் டப்பாவைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "வாய நல்லா கொப்புளிச்சுக்குங்கண்ணா. மூச்ச இழுத்துப் புடிச்சு, அடி நெஞ்சுல இருந்து காறித் துப்புங்க. எச்சி வேண்டாம், சளிதான் வேணும்." அவர் கூச்சத்தோடு சுவர் மறைவுக்குப் போய் வந்து நீட்டினார். வெளிச்சத்தில் டப்பாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எச்சிண்ணா. காலையில எந்திரிச்ச ஒடனே எடுத்துட்டு வாங்க" என்று வேறு டப்பா கொடுத்தனுப்பினார் அந்தப் பெண். மறுநாள் கொண்டுபோன சளியில்தான் கிருமி இருந்தது. எத்தனை லட்ச ரூபாய் மிஷினாக இருந்தாலும் எச்சிலைக் கொடுத்தால் 'இல்லை' என்றுதான் சொல்லும். அந்தப் பெண்ணின் கண்ணும் ஒரு சோதனைக் கருவிதான்.

இவர் கதை விதிவிலக்கு அல்ல. இந்தியா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஒரு கணக்கின்படி, இருமல் தொடங்கி மருந்து தொடங்கும் வரை சராசரியாக 55 நாள் ஆகிறது. நோயாளி முதல் டாக்டரைப் பார்க்கப் போக எடுத்துக்கொள்வது 18 நாள். போன பிறகு 'இது டி.பி.' என்று கண்டுபிடிக்க 31 நாள்! அதற்குள் ஏறக்குறைய மூன்று பேரிடம் காட்டியாகிவிடுகிறது. ஏழை, படிக்காதவர், பயந்து மறைப்பவர் என்று நோயாளியைத்தான் நாம் குறை சொல்லிப் பழகியிருக்கிறோம். தாமதத்தில் பெரும்பங்கு டாக்டர் வீட்டுப் படியேறிய பிறகு நடக்கிறது.

மதுகர் பாய், ஜிஷ்ணு தாஸ் குழு டாக்டர்களையே சோதித்துப் பார்த்தது. நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை டெல்லியில் வைத்தியம் பார்ப்பவர்களிடம் அனுப்பி, என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டது. 2015இல் வெளியான முடிவு: 250 சந்திப்புகளில் சரியாகக் கையாளப்பட்டவை 52. மற்றவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏதாவது ஒரு மாத்திரைச் சீட்டு. சிபிநாட்டின் இரண்டு மணி நேரம், அதற்கு எழுதிக் கொடுக்கிற கை வந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல பதிலும் உண்டு. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்ததுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்ஸிஜன், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எடை மிஷினும் விரல்நுனிக் கருவியும் இருந்தால் போதும். சேத்துப்பட்டின் பழைய பழக்கம்தான் இது: இங்கே இருப்பதை வைத்து, இங்கே இருப்பவருக்கு எது பலிக்கிறதென்று பார்ப்பது.

ஆக, விஞ்ஞானிகள் தங்கள் பங்குக்குத் தாமதத்தைக் குறைத்துவிட்டார்கள். மீதி 31 நாளைக் குறைப்பது ராணிப்பேட்டைத் தெரு, கடைவீதி, தலைவாசல், கெங்கவல்லி, கருமந்துறை கிளினிக்குகளின் வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை எழுதிக் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். டாக்டர் எழுதவில்லை என்றால் நோயாளியே வாய்விட்டுக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மெடிக்கல் ஷாப்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இருமல் டானிக் இரண்டாவது பாட்டில் கேட்டு ஒருவர் வந்தால், பாட்டிலை எடுப்பதற்கு முன் 'எத்தனை நாளா இருமல்?' என்று கேளுங்கள். பதில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுங்கள். அந்த ஒரு பாட்டில் விற்காமல் போனால் கடை ஒன்றும் மூடிவிடாது.