நல்ல படகுத்துறை எது?

தூண்டிலோடு புறப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது, "அங்கே மீன் கிடைக்குமா?" என்பதுதான். "அங்கே தண்ணீர் எப்படி?" என்றல்லவா கேட்க வேண்டும்?

கிள்ளான் துறைமுகப் பகுதியில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 4 மீட்டர். நீர் வற்றினால் கரையோரம் வெறும் சேறு. ஓடும் வேளையிலோ ஈயக்குண்டும் தரையில் நிற்காது. ஆகவே, வற்றும்போதும் முனையில் ஆழமுள்ள நீண்ட துறை, உறுதியான கைப்பிடி, இரவில் விளக்கு, இம்மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாள்காட்டியையும் ஒருமுறை புரட்டுங்கள்.

படகு வாங்க வசதியில்லாத தொழிலாளிக்கும் மாணவனுக்கும் பொதுத்துறைதான் கடலுக்கு வாசல். அறுந்த நூலையும் குப்பையையும் அங்கேயே விட்டு வந்தால், நாளை அந்த வாசலில் பூட்டுத்தான் தொங்கும். நல்ல துறையைத் தேடுவது பாதி வேலை. அதை நல்ல துறையாகவே வைத்திருப்பது மீதி.