காவிரி டெல்டா வயல்களின் மண் கரிமத்தை முறையாக அளந்து வரைபடமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், வட்டார நெல் விவசாயிகள் சங்கம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்: வேளாண்மை இயக்குநர் அவர்கள், சேப்பாக்கம், சென்னை.

நகல்: துணைவேந்தர் அவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்.

பொருள்: நெல் வயல்களில் மண் கரிம இருப்பை அளத்தல், கணினிக் கணிப்புகளைச் சரிபார்த்தல், சாகுபடியாளர் உரிமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மண்ணில் சேரும் கரிமத்துக்குப் பணம் தரும் திட்டங்களைப் பற்றிய பேச்சு எங்கள் ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வயலில் இன்று எத்தனை டன் கரிமம் இருக்கிறது என்ற கணக்கு எங்களிடம் இல்லை. இன்றைய இருப்பு தெரியாமல் நாளை கூடியதா, குறைந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை அரசே எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தலையாய கோரிக்கை.

2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் உள்ள 12 அளவுகளில் அங்ககக் கரிமமும் ஒன்று. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அட்டை சொல்கிறது. உர அளவைத் தீர்மானிக்க இது போதும். இருப்புக் கணக்குக்குப் போதாது. மண்ணின் பரும அடர்த்தி அந்த அட்டையில் இல்லை. 30 செ.மீ. ஆழத்துக்கு, ஒரு கன செ.மீ. மண் 1.3 கிராம் எடையுள்ள வயலில் 0.5 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 19.5 டன் கரிமம். அதே சதவீதம், 1.5 கிராம் எடையுள்ள இறுகிய வயலில் 22.5 டன். அறுவடை இயந்திரம் ஏறி ஏறி மண் இறுகினாலே, ஒரு பிடி எரு போடாத வயலில் கரிமம் கூடியதாகக் கணக்கு காட்டும்! ஆகவே வட்டாரந்தோறும் தேர்ந்தெடுத்த வயல்களில் 30 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, பரும அடர்த்தியையும் சேர்த்து அளக்க வேண்டும். எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளைப் பதிந்து, மண்ணில் ஒரு பகுதியை உலர்த்திச் சேமித்து வைக்க வேண்டும். பின்னாளில் ஐயம் எழுந்தால் அதே மண்ணை மறுபடி சோதிக்கலாம்.

அளந்ததை வரைபடமாக்கச் செயற்கைக்கோள் படங்களும் வேண்டும். உளுந்து அறுவடை முடிந்து குறுவைக்குத் தண்ணீர் வரும் வரை வயல் வெறுமையாகக் கிடக்கும். செயற்கைக்கோள் எங்கள் மண்ணை நேராகப் பார்க்கும் காலம் அது ஒன்றுதான். மண் எடுப்பதும் படம் எடுப்பதும் அந்தக் கோடையிலேயே நடக்கட்டும். வரைபடம் நுணுக்கமாகவும் இருக்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017-இல் வெளியிட்ட உலக மண் கரிம வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். அதற்குள் எங்கள் ஊரின் மேட்டு வயலும் பள்ள வயலும் ஒன்றாகவே அடங்கிவிடும்.

மண் கரிமம் கூடுமா, குறையுமா என்று சொல்லும் கணினிக் கணிப்பு முறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகெங்கும் கையாளப்படும் ராத்-சி என்ற கணிப்பு முறை, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு வயல்களில் பிறந்தது. நீர் தேங்காத மேல்மண்ணுக்காக உருவானது. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் சம்பா வயலுக்கு அதை அப்படியே பொருத்துவது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. நீர் நிற்கும்போது கரிமம் மெதுவாக மட்குகிறது, மீத்தேனும் வெளியேறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும். ஆனால் மண் கரிமம் மட்கும் வேகம் கூடவும் கூடும். இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்காத எந்தக் கணிப்பையும் டெல்டாவுக்கு ஏற்கக் கூடாது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை தமிழகத்தின் பெருமை. அதே பொறுமையோடு, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பில், உழவர் நிலங்களிலேயே நீண்டகாலக் கண்காணிப்பு வயல்களை அமைத்துத் தர வேண்டுகிறோம். தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயல், வைக்கோலைக் கட்டி விற்றுவிடும் வயல், தாளை மண்ணிலேயே விடும் வயல் என்று மூன்று வகையும் அதில் இருக்க வேண்டும்.

இனி உரிமை. டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுவோர் ஏராளம். எருவும் உழைப்பும் அவர்களுடையவை. கரிமத்துக்கு வருவாய் கிடைக்குமானால் சாகுபடியாளரின் பங்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். புல எண் வாரியான அளவீடுகளை உழவரின் ஒப்புதலின்றி எந்த நிறுவனத்துக்கும் தரக் கூடாது. அளந்த முடிவுகளைத் தமிழில் கிராம சபையில் வைக்க வேண்டும்.

வரும் கோடையில் மண் எடுக்கும் பணியைத் தொடங்க, சங்க உறுப்பினர்களாகிய நாங்கள் எங்கள் வயல்களைத் திறந்துவிடவும் மண் எடுப்போருக்குத் துணை நிற்கவும் ஆயத்தமாக உள்ளோம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு உரிய ஆணை பிறப்பித்து, அதன் நகலைச் சங்கத்துக்கு அனுப்பிவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்