ஆய்வுக் கூடமும் ஆலையும் கைகோக்கட்டும்



விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். வளர்ந்த விஞ்ஞானம் யார் வீட்டு வாயிலை எட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா? 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அறுபது வயதை எட்டியோர் 10 கோடிக்கு மேல். இவர்களுள் எத்தனையோ பேருக்கு, கைத்தடியும் மூக்குக் கண்ணாடியுமே விஞ்ஞானம் தந்த கொடையெல்லாம்!

நம் பல்கலைக் கழகங்களில் அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் ஆய்வுக் கூடங்களில் புதுக் கருவிகள் பிறக்கின்றன. விளக்கு எரிகிறது; ஒலி எழுகிறது; தேர்வாளர் தலையசைக்கிறார்; மதிப்பெண் கிடைக்கிறது. பிறகு கருவி அலமாரிக்குள் போகிறது. செய்த மாணவன் வேலை தேடிப் போகிறான். தொழிலதிபரோ வெளிநாட்டுக் கருவியை வரவழைத்து விற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் காண்பதே அரிது. இழப்பு யாருக்கு? இருவரையும் நம்பிக் காத்திருப்பவருக்கு அன்றோ!

இந்நிலையை மாற்ற முடியும் என்பதற்கு நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே சான்று உண்டு. பார்வையற்றோரின் வெள்ளைக் கோல் தரையிலுள்ள தடையைக் காட்டும். முழங்காலுக்கு மேலே நீட்டிக் கொண்டிருக்கும் மரக்கிளையையோ, திறந்து கிடக்கும் சன்னலையோ, நிற்கும் லாரியின் பின்புறத்தையோ காட்டாது. முகத்தில் அடிபட்ட பின்பே தெரியும். இக்குறையைப் போக்க 2005இல் தில்லி ஐ.ஐ.டி. மாணவர்கள் தொடங்கிய சிறு முயற்சியே ‘ஸ்மார்ட் கேன்’. வௌவாலைப் போல மீயொலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு மூன்று மீட்டர் வரையுள்ள தடையை அறிந்து, பிடியின் அதிர்வால் கைக்கு உணர்த்தும் கருவி அது.

தத்துவம் எளிது. இயற்பியல் படித்த எவரும் ஒரு பிற்பகலில் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். ஆனால் கருவி மக்கள் கைக்கு வந்தது 2014இல். ஒன்பது ஆண்டுகள்! பிடி பல அளவுக் கைகளுக்கும் பொருந்த வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது. ஆயிரம் செய்தாலும் ஆயிரமும் ஒன்று போல் உழைக்க வேண்டும். இது ஆலையார் அறிந்த கலை. சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அப்பொறுப்பை ஏற்றது. சக்ஷம் அறக்கட்டளை பார்வையற்றோரின் குரலைக் கொண்டு வந்தது. வெல்கம் டிரஸ்ட் பொருளுதவி செய்தது. வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். பின்னர் அதே சென்னை நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து, அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலியை 2019இல் கொண்டு வந்தது. ஒரு முறை கைகோத்தவர்க்கு மறுமுறை வழி தெரிந்துவிடுகிறது!

“முதலாளி உள்ளே வந்தால் கல்விக் கூடம் கடைத் தெருவாகிவிடாதா?” என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். அச்சம் நியாயமானதே. கதவைச் சாத்துவது மட்டும் அதற்கு மருந்தாகாது; நிபந்தனையோடு திறப்பதே மருந்து. விலை எவ்வளவு, பழுது பார்ப்பது யார், ஆய்வு முடிவுகளை வெளியிடும் உரிமை யாருடையது என்ற மூன்றையும் முதல் நாளே எழுதி வைக்கட்டும். பொதுப் பணத்தில் பிறந்த கருவி, பணமுள்ளவனுக்கு மட்டும் கிட்டுமானால் அது கூட்டுறவு ஆகாது, கொள்ளை.

ஆய்வாளரும் ஆலையாரும் கூடினால் மட்டும் போதாது. மூன்றாமவர் ஒருவரும் வேண்டும். என் அப்பத்தாவுக்குச் சென்ற ஆண்டு காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். இன்று அது பெட்டிக்குள் இருக்கிறது. கருவியில் குறையில்லை. சட்டைப் பொத்தானிலும் சிறிய மின்கலத்தை மாற்ற அவர் விரலும் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. முதுமையின் விரலை எண்ணிப் பாராமல் செய்த கருவி அது. தொலைபேசியில் நான் பேசினால், “சத்தமாச் சொல்லுய்யா” என்கிறார் அப்பத்தா. ஊரை விட்டு வந்து படிக்கும் நம்முள் எத்தனை பேருக்கு இக்குரல் பழக்கமானது! ஆகவே, பயன்படுத்தப் போகிறவர் முதல் கூட்டத்திலேயே உரிமையோடு அமர வேண்டும். கருவி முடிந்த பிறகு அவரை அழைத்து வந்து, மாலையிட்டுப் புகைப்படம் எடுப்பதில் பயனில்லை.

பல்கலைக் கழகமும் தன் அளவுகோலை மாற்றிக் கொள்ள வேண்டும். கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. கருவியை ஒரு முதியவரிடம் கொடுத்து, அவர் சொன்ன குறையைக் கேட்டுத் திருத்திய ஆறு மாத உழைப்புக்கு மதிப்பெண் உண்டா? இல்லையென்றால் எந்த மாணவன் துணிவான்? ஒருவன் பட்டம் பெற்றுப் போனதும் அவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் தொடரவும் விதி வேண்டும். ஒன்பது ஆண்டு வேலையை ஈராண்டுப் படிப்பு தாங்குமா?

இவ்வாண்டு ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்துக்குப் போகுமுன், முதியோர் இல்லம் ஒன்றுக்கோ பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கோ ஒரு நாள் சென்று வாருங்கள். எது அவர்களுக்குத் தடை என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக் கொண்டு பேராசிரியரிடமும், பிறகு ஒரு தொழிற்சாலையின் வாயிலிலும் நில்லுங்கள். முதல் கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டுங்கள்!