பெயரைக் கேட்கும் ஸ்கிரிப்டுகள்

ஒரு கணினியின் நெட்வொர்க் சேவையை நிறுத்தித் திரும்ப ஓடவைக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். எந்த லினக்ஸில் கொண்டுபோய்ப் போட்டாலும் ஓட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு. கணினிப் பக்கம் வராதவர்கள் சமையல் குறிப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். கல்லூரியிலிருந்து புதிதாக வரும் பையனுக்கு முதல் வாரத்தில் கொடுக்கிற வேலை இது. இந்தச் சின்ன வேலையை நம் ஆட்கள் செய்கிற விதத்தின் மேல் எனக்குப் பத்து வருடக் கோபம் இருக்கிறது. அதில் பாதி என் மேலேயே.

சிக்கல் எங்கே என்றால், நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் ஆள் ஒவ்வொரு கணினியிலும் வேறு. பழைய டெபியனில் அந்தச் சேவையின் பெயர் 'நெட்வொர்க்கிங்'. ரெட் ஹேட் குடும்பத்தில் அதே வேலைக்கு 'நெட்வொர்க்', கடைசியில் 'இங்' கிடையாது. மேஜைக் கணினிகளில் நெட்வொர்க் மேனேஜர். 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10 முதல் நெட்பிளான் என்று மேலே இன்னோர் அடுக்கு. ஆல்பைனில் ஓப்பன்ஆர்சி. லினக்ஸைத் தாண்டி ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போனால் 'நெட்இஃப்'. அதை மட்டும் தட்டி எழுப்பினால் வெளியே போகும் வழி காணாமல் போய்விடும், ரவுட்டிங்கையும் சேர்த்து எழுப்ப வேண்டும். இவர்களை எல்லாம் மேய்க்கிற மேஸ்திரியும் நடுவில் மாறினார். 2010இல் சிஸ்டம்டி வந்தது. அதை ஏற்பதா வேண்டாமா என்று டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் 2014 பிப்ரவரியில் வாக்கெடுத்தபோது சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால்தான் முடிவானது. பிடிக்காதவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

ஆக, ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் முதலில் கணினியிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டாக வேண்டும். நம் ஆட்கள் கேட்பது: உன் பெயர் என்ன?

'ஓஎஸ்-ரிலீஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் கணினி தன் பெயரைச் சொல்லும். உபுண்டு என்றால் இந்தக் கட்டளை, சென்ட்ஓஎஸ் என்றால் அந்தக் கட்டளை என்று பட்டியல் போட்டுவிட்டால் முடிந்தது. அதே கோப்பில் 'ஐடி லைக்' என்று இன்னொரு வரியும் உண்டு. நீ யாரைப் போல, எந்தக் குடும்பத்து ஆள் என்பதற்கான வரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வரும். கொங்கில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஐந்தாவது நிமிடம் "எந்த ஊருங்க?" வரும். ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கமுங்க?" அதையும் சொன்னால், "அப்ப இன்னாருக்கு என்ன வேணுமுங்க?" 'ங்க' எல்லாம் சரியாக விழும், மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பதில் கிடைத்த பிறகுதான் டம்ளர் வரும், எந்த டம்ளர் என்பதும்.

கணினியையும் சாதியையும் முடிச்சுப் போடுவது மிகை என்பீர்கள். இயந்திரத்துக்கு வலிக்காது, உண்மைதான். நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. ஒருவரால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் அவர் யார் என்று கேட்டுவிட்டு, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிற பழக்கம். வீட்டில் கற்றதை ஆபீஸ் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வந்துவிட்டதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பமாகவும் இது தோற்றுப்போன வழி. இணையத் தளங்கள் ஒரு காலத்தில் வருகிற பிரவுசரின் பெயரைக் கேட்டு, தெரிந்த பெயருக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. விளைவு, புதிதாக வந்த ஒவ்வொரு பிரவுசரும் பெயரில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. இன்றும் உங்கள் கையிலிருக்கும் குரோம் தன்னை அறிமுகப்படுத்தும்போது முதல் சொல்லாக 'மொசில்லா' என்றுதான் சொல்கிறது. பெயரைக் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

சென்ட்ஓஎஸ் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 31உடன் சென்ட்ஓஎஸ் 8 முடிந்தது. அதன் இடத்துக்கு ராக்கி, அல்மா என்று இரண்டு வந்தன. உள்ளே ஏறக்குறைய அதே சரக்கு, அதே கட்டளைகள். சென்ட்ஓஎஸ் என்ற பெயருக்கு மட்டும் கதவு திறந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் பொத்தென்று விழுந்தன. அந்த ஜனவரியில் சரவணம்பட்டியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பட்டியலில் 'ராக்கி' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னதும் தமிழ்நாடு அரசுதான். நமக்குக் கீழே படித்த பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட லினக்ஸ் அது. கோவையில் உட்கார்ந்து எழுதப்பட்ட எத்தனையோ ஸ்கிரிப்டுகளைப் பரிசீலித்திருக்கிறேன். அந்தப் பட்டியல்களில் பாஸ் என்ற பெயரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் எழுதிய பட்டியலிலும் இல்லை.

அதற்கு விலை கொடுத்தது வேறு ஆட்கள்.

பல்லடம் தாண்டி ஒரு நூல்மில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஸ்பின்னிங் மெஷின்களின் உற்பத்தியை நெட்வொர்க் வழியாகப் படித்துக் கணக்கு வைக்க நாலு கணினிகள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது கணினி முந்திக்கொள்ளும், நெட்வொர்க் ஸ்விட்ச் பிந்தும். அட்ரஸ் கிடைக்காமல் கணினி திருதிருவென்று நிற்கும். யாராவது போய்த் தட்டி எழுப்ப வேண்டும். அதற்குத்தான் என் ஸ்கிரிப்ட். உபுண்டுவா, டெபியனா, சென்ட்ஓஎஸ்ஸா என்று கேட்கும். மூன்றும் இல்லையென்றால்? அதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியே கீழே இறங்கி, கடைசி வரியில் 'வெற்றி' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வெளியேறும்.

நாலாவது கணினியில் பாஸ் லினக்ஸ். முன்பு இருந்த சிஸ்டம் ஆள், மெனு தமிழில் வருகிறதே என்று போட்டு வைத்தது. டெபியனுக்கு நான் எழுதியிருந்த அதே கட்டளை அதில் அப்படியே ஓடியிருக்கும். பெயர் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். மூன்று இரவுகள் அந்தக் கணினி எதையும் படிக்கவில்லை. பன்னிரண்டு மெஷின்களுக்கு உற்பத்தி பூஜ்யம். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு உற்பத்தியை வைத்து இன்சென்டிவ். மாசக் கடைசியில் பிடித்துவிட்டார்கள்.

நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். "ஏனுங் தம்பி, ராத்திரி பூரா மெஷின் ஓடுச்சுங். நான் நின்னு பாத்தனுங். ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்துச்சு, நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு, வெற்றின்னு எழுதியிருக்குது, அப்ப புள்ளைங்க தூங்கிப்போட்டாங்கங்கறாங்."

நான் எழுதிய 'வெற்றி' என்ற சொல்லை அந்தப் பெண்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது என்று மெயில் அனுப்பினேன். கணக்கைச் சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தது. யார் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சரி, வேறு எப்படி எழுதுவது? எங்கள் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடையில் போய்ப் பாருங்கள். 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. எரிந்துபோன மோட்டாருக்கு இங்கே பஞ்சம் கிடையாது. கடைக்காரர் பெயர்த்தகட்டை ஒருமுறை பார்ப்பார், அத்தோடு சரி. பாதி மோட்டாரில் தகடே இருக்காது, இருந்தாலும் நடுவில் யார் யார் என்ன கம்பி சுற்றினார்கள் என்று அதில் எழுதியிருக்காது. பிரித்து, பழைய சுற்றை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்துவிட்டுத்தான் புதுக் கம்பியைத் தொடுவார்.

ஸ்கிரிப்டும் அளந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நெட்வொர்க் மேனேஜரின் கட்டளை இங்கே இருக்கிறதா? இருந்தால் மட்டும் போதாது, அது இப்போது ஓடுகிறதா? ஓடினாலும் இந்தக் குறிப்பிட்ட இணைப்பு அதன் பொறுப்பில்தான் இருக்கிறதா, இல்லை 'என் பொறுப்பில்லை' என்கிறதா? சிஸ்டம்டியும் அப்படித்தான். அதன் கட்டளை வட்டில் கிடக்கலாம், ஆனால் கணினியை எழுப்பியது அதுவா என்பது வேறு கேள்வி. 'ரன்' அடைவுக்குள் 'சிஸ்டம்டி/சிஸ்டம்' இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வெளியே போகும் வழி உண்மையில் திறந்ததா என்று ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால், தெரியவில்லை என்று தோல்விக் குறியோடு வெளியேற வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஆட்கள் படுமோசம். தெரியாது என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை, நாம் எழுதுகிறவற்றுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

எழுதும் மொழியிலும் இதே கோளாறு. முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்று எழுதிவிட்டு உள்ளே முழுக்க பாஷ் ஷெல்லின் வசதிகளைப் பயன்படுத்துவது. 2006இல் வந்த உபுண்டு 6.10இலேயே 'எஸ்ஹெச்' என்பதன் பின்னால் இருந்த ஆள் மாறி டாஷ் வந்தாயிற்று. ஆல்பைனில் பாஷை நாமாக நிறுவினால்தான் உண்டு. எல்லா ஷெல்லுக்கும் பொதுவான போசிக்ஸ் வரையறை 1992 முதல் இருக்கிறது. படிக்க நேரமில்லை என்கிறார்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சில நேரம் பெயரைக் கேட்காமல் முடியாது. தட்டிப் பார்க்கும் 'பிங்' கட்டளையில் பெரிய டபிள்யூ போட்டு 2 என்றால் லினக்ஸில் இரண்டு விநாடி காத்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் இரண்டு மில்லி விநாடி. சொல் ஒன்று, பொருள் வேறு. இருக்கிறதா என்று கேட்டால் இரண்டுமே ஆமாம் என்றுதான் சொல்லும். அங்கே கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது கடைசிக் கேள்வியாக, ஒரே ஒரு வேறுபாட்டுக்காக வர வேண்டும். வாசலிலேயே கேட்டு ஆளைத் தரம் பிரிப்பதற்காக வரக்கூடாது.

எல்லாக் கணினியிலும் ஒரே ஓஎஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். மேனேஜர்கள் விரும்பிச் சொல்லும் யோசனை. சோமனூரிலும் திருப்பூரிலும் ஜாப் வொர்க் எடுத்து ஓட்டுகிற ஒரு யூனிட்டுக்குள் இவர்கள் போய்ப் பார்த்ததில்லை. அங்கே கணினி என்பது கிடைத்த விலைக்குக் கிடைத்த நேரத்தில் வாங்கியது, ஓடுகிறவரை யாரும் தொட மாட்டார்கள். ஏஐயிடம் கேட்டால் எழுதித் தருகிறதே என்பது புதிய வாதம். கேட்டுப் பார்த்தேன். நான் மூன்று பெயர் எழுதிய இடத்தில் அது பதினொரு பெயர் எழுதியது. மிச்சத்துக்கு உபுண்டு என்று வைத்துக்கொண்டது. நம்மிடம்தானே படித்தது.

தொலைவிலிருந்து இதை ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் நெட்வொர்க்கை நிறுத்துவது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டுகிற வேலை. நிறுத்தும் கட்டளை ஓடும், உங்கள் இணைப்பு அறுபடும், தொடங்கும் கட்டளை வரை வராமலே ஷெல் செத்துப்போகலாம். 'நோஹப்' போட்டுப் பின்னணியில் ஓடவிடுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல்லடத்துக்கு பஸ் பிடித்துப் போய் கீபோர்டில் நேரடியாகத் தட்டினேன்.

அந்த மில்லில் இன்றும் என் ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. இருபது வரியாக இருந்தது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஒரு இடத்திலும் ஓஎஸ் பெயர் கேட்காது. போன ஆடியில் காற்று மழையில் நாலு தரம் கரண்ட் போன ஒரு ராத்திரி, இரண்டே காலுக்கு அதே அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, தூக்கத்துல எழுப்பிப்போட்டனுங்களா? புதுசா ஒரு பொட்டி வெச்சிருக்காங்க, அதுல உங்குளுது தெரியலைன்னு எழுதிக்காட்டுதுங்."

"எழுதட்டுங்ணா. மெஷின் நம்பரையும் டைமையும் ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுருங்க. காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்."