ஜூபிடரின் இடிக்கு யார் பொருள் சொன்னார்கள்?

கிரேக்க, ரோமக் கடவுள்கள் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஹாலிவுட் படமும் வீடியோ கேமும்தான் நினைவுக்கு வரும். பெரியவர்களில் ஒரு கூட்டம் அந்தக் கடவுள்களை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஜூபிடர் என்ற பெயரும் வேதத்தில் வரும் ‘த்யௌஸ் பிதா’ என்ற பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. இது மொழியியல் ஏற்றுக்கொண்ட உண்மை. உடனே, “பார்த்தீர்களா, ரோமாபுரியிலும் நம் கடவுள்தான் இருந்திருக்கிறார்” என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டுகிறார்கள். இரண்டு மொழிகளுக்கு ஒரு பொதுவான மூதாதை மொழி உண்டு என்பதைத் தவிர அந்தப் பெயர் ஒற்றுமை எதையும் நிரூபிக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியது பெயரைப் பற்றி அல்ல. இடி இடித்தது, சரி, அது கடவுளின் கோபம் என்று சொன்னது யார்? அப்படிச் சொல்லும் உரிமை அவருக்குப் பிறப்பால் வந்ததா, படிப்பால் வந்ததா? இந்தக் கேள்வியோடு ரோமுக்குள் போனால், நமக்கு மிகவும் பழக்கப்பட்ட ஒரு தெருவில் நடப்பது போலிருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியோடு அங்கே போனவர். 1936இல் வெளியான ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில், பொருளாதாரம் மட்டுமே அதிகாரத்தின் ஊற்று என்று பேசிய சோசலிஸ்டுகளுக்குப் பதில் சொல்லும்போது ரோமின் பிளீபியர்களை அவர் சாட்சிக்கு அழைக்கிறார். பிளீபியர்கள் போராடி உயர்பதவிக்கு ஆள் அனுப்பும் உரிமையைப் பெற்றார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவரை தெய்வம் ஏற்க வேண்டும். தெய்வத்தின் சம்மதத்தைச் சொல்லும் பூசாரிகளோ பேட்ரீசியர்கள். ஆக, பதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. மதமும் அதிகாரத்தின் ஊற்றுதான் என்பது அவர் சொன்ன பாடம். அம்பேத்கர் டெல்பி ஆலயத்தின் குறியைக் குறிப்பிடுகிறார். ரோமின் அன்றாட அரசியலில் இதே வேலையைச் செய்தது பறவைக்குறி.

ரோமில் தேர்தல், போர், சட்டம் எதுவானாலும் முதலில் ஜூபிடரின் சம்மதம் கேட்க வேண்டும். பறவை எந்தப் பக்கம் பறந்தது, இடி எப்போது இடித்தது, கோழி தீனியைக் கொத்தியதா என்று பார்ப்பார்கள். அதில் குற்றம் இருந்ததா என்று தீர்ப்பு சொல்பவர்கள் ‘ஆகுர்’ எனப்பட்ட குறி வல்லுநர்கள். குற்றம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், முடிந்துபோன தேர்தலும் செல்லாது. கி.மு. 300 வரை ஆகுர்கள் அனைவரும் பேட்ரீசியர்களே.

இந்த ஏற்பாடு திருமணம் வரை நீண்டது. கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், பேட்ரீசியரும் பிளீபியரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்றது. காரணம் என்ன? குறி கேட்கும் உரிமை பேட்ரீசிய இரத்தத்துக்கு உரியது, கலப்பில் பிறந்த குழந்தையால் அந்தப் புனிதம் கெட்டுவிடும் என்று மேல்தரப்பு வாதாடியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அகமணமும் பூசாரி உரிமையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? கி.மு. 445இல் கனுலேயுஸ் என்ற மக்கள் ட்ரிப்யூன் கொண்டுவந்த சட்டம் அந்தத் தடையை உடைத்தது. ஐந்தாறு ஆண்டுகள்கூட அது நிற்கவில்லை.

கடவுளின் பெயரால் எப்படி ஆளைக் கவிழ்த்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கி.மு. 327இல் மார்க்குஸ் கிளாடியுஸ் மார்செல்லுஸ் என்ற பிளீபியர், தேர்தல் நடத்துவதற்காகச் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்டார். நியமனத்தில் குறி தவறிவிட்டது என்று ஆகுர்கள் அறிவித்தார்கள். ட்ரிப்யூன்கள் கேட்ட கேள்வியை லிவி பதிவு செய்திருக்கிறார். கான்சல் எங்கோ தொலைவில், பாசறையில், நள்ளிரவு அமைதியில் எழுந்து செய்த நியமனம் அது. ரோமில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதில் என்ன குற்றம் நடந்தது என்று எப்படித் தெரியும்? நியமிக்கப்பட்டவர் பிளீபியர் என்பதைத் தவிர வேறென்ன குற்றத்தைக் கண்டீர்கள்? பகுத்தறிவின் நேரான கேள்வி. பதில் வரவில்லை, நியமனம்தான் செல்லாமல் போனது.

பிளீபியர்கள் இதற்கு மூன்று வழிகளில் பதில் கொடுத்தார்கள்.

ஒன்று, தங்களுக்கென்று ஒரு கோயில். கி.மு. 493இல் அவென்டைன் குன்றில் தானியத் தாய் செரிஸுக்கு எழுந்த ஆலயம் அவர்களின் தலைமையகமாகவே ஆனது. கி.மு. 449 முதல் செனட்டின் தீர்மானங்களை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று விதியானது. மேலே இருப்பவர்கள் தீர்மானத்தை மறைக்கவோ திருத்தவோ முடியாதபடி சாமியின் வீட்டையே ஆவணக் காப்பகம் ஆக்கிக்கொண்டார்கள்.

இரண்டு, மறைத்து வைத்த அறிவைப் பறித்தது. எந்த நாளில் வழக்கு தொடுக்கலாம், எந்த நாளில் கூடாது என்பது பூசாரிகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கி.மு. 304இல் நேயுஸ் ஃபிளாவியுஸ் அந்த நாட்காட்டியை எழுதி மன்றத்தில் எல்லோர் கண்ணுக்கும் வைத்தார். அவர் ஓர் எழுத்தர். விடுதலை பெற்ற அடிமையின் மகன். நாள் பார்த்துச் சொல்லிப் பிழைத்தவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்று, பூசாரிப் பதவியையே கேட்டது. கி.மு. 300இல் ஒகுல்னியுஸ் சகோதரர்கள் என்ற இரு ட்ரிப்யூன்கள் கொண்டுவந்த சட்டத்தால் நான்கு பொந்திஃபுகளும் ஐந்து ஆகுர்களும் பிளீபியர்களிலிருந்து வந்தார்கள். அப்போது மேல்தரப்பு சொன்ன வாதத்தை லிவி எழுதி வைத்திருக்கிறார்: இது எங்களுக்கான பிரச்சினை அல்ல, கடவுள்களுக்கான பிரச்சினை, தங்கள் வழிபாடு தீட்டுப்படாமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு டேசியுஸ் முஸ் என்ற பிளீபியத் தலைவர் தந்த பதில், பேட்ரீசியர்கள் வானத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் அல்ல என்பது. சட்டம் நிறைவேறியது. வானம் இடிந்து விழவில்லை. பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குள் தலைமைப் பூசாரியாகவே ஒரு பிளீபியர் அமர்ந்தார்.

இதோடு முடித்துக்கொண்டால் அது பாதி உண்மை. கி.மு. 215இல் அதே மார்செல்லுஸ் குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவர் கான்சல் ஆனபோது இடி இடித்தது. குற்றம் என்றார்கள் ஆகுர்கள். இரண்டு கான்சல்களும் பிளீபியர்களாக இருப்பது கடவுளுக்குப் பிடிக்கவில்லை என்று பேச்சைப் பரப்பினார்கள் பேட்ரீசியர்கள். அவர் விலகினார். அப்போது ஆகுர் குழுவில் பிளீபியர்களும் இருந்தார்கள்! இருக்கை கிடைத்ததால் மட்டும் இடியின் பொருள் மாறிவிடவில்லை. இரு பிளீபியர்கள் சேர்ந்து கான்சல்களாக கி.மு. 172 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூபிடரின் தனிப் பூசாரி உள்ளிட்ட சில பதவிகள் கடைசி வரை பேட்ரீசியர்களிடமே இருந்தன. பணக்காரப் பிளீபியர்கள் பேட்ரீசியர்களோடு கலந்து புதிய பிரபுக்கள் ஆனார்கள். அடிமைகள் அடிமைகளாகவே கிடந்தார்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் தோழர்கள் ஆறாயிரம் பேரை ஆப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தபோது, எந்தக் கோயிலின் எந்தக் குறியும் அதைத் தடுக்கவில்லை.

ரோமின் பிரிவும் சாதியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. பிளீபியரைத் தொட்டால் தீட்டு என்று யாரும் குளிக்கவில்லை. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. அங்கே கோடு ஒன்றுதான். கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் கி.மு. 494இல் ஒட்டுமொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிக் குன்றில் போய் உட்கார முடிந்தது. ரோம் பணிந்தது. இங்கே அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை. ஒவ்வொருவனுக்கும் மிதிக்கக் கீழே ஒருவனைக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து குன்றேறப் புறப்பட்டால், யார் முன்னே நடப்பது என்று வழியிலேயே சண்டை வரும்.

அதனால்தான் ரோமில் 2,300 ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த வழக்கு இங்கே இன்னும் நீதிமன்றத்தில் நிற்கிறது. கருவறைக்குள் எல்லோரும் போக வேண்டும் என்பது பெரியாரின் கடைசிப் போராட்டம். பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆகமத்தை மீறக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. 2021இல்தான் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் 24 பேருக்கு அரசு ஒரே நேரத்தில் பணி ஆணை கொடுத்தது. உடனே வழக்குகள். இது எங்கள் பிரச்சினை அல்ல, ஆகமத்தின் பிரச்சினை என்கிறார்கள். லிவி இருந்திருந்தால் இந்த வாதத்தை உடனே அடையாளம் கண்டிருப்பார்.

“கடவுளே இல்லை என்கிறவர்களுக்கு அர்ச்சகர் பதவி எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ரோமின் ஆகுர்களே பதில். அந்தப் பதவி பக்தி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. யார் பிறப்பால் தூய்மையானவர், யார் தீட்டு என்று ஊருக்குத் தினமும் அறிவிக்கும் பதவி அது. அதைப் பிறப்பின் கையில் விட்டுவிட்டுச் சட்டமன்றத்தில் எத்தனை இடம் பிடித்தாலும், இடி இடிக்கும்போது நம் ஆள்தான் பதவி விலக வேண்டியிருக்கும்.

ஆகவே அர்ச்சகர் பதவியை விடாமல் கேட்போம். அது கிடைத்த மறுநாளே ஒகுல்னியுஸ் சட்டம் தீர்க்காமல் விட்ட மிச்சத்தையும் கேட்போம்: கருவறைக்குள் நுழைகிற நம் தோழர் அங்கே இன்னொரு பேட்ரீசியராக மாறக் கூடாது, அகமணம் உடைய வேண்டும், கடைக்கோடியில் நிற்பவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். இடி என்பது வெறும் இடிதான் என்று சொல்லும் துணிச்சல் ஊருக்கே வரும்வரை இந்த வேலை முடியாது.