ஆண்டுதோறும் கரையும் அணை

மாணவர்களே, ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் வீட்டுக் குழாய்களில் வரும் காவிரி நீர், சிவனசமுத்திரத்திற்கு அருகிலுள்ள ஓர் அணைக்கட்டில் திருப்பப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்து இந்நகரை அடைகிறது. அவ்வணைக்கட்டை ஆண்டுதோறும் எவரும் புதிதாகக் கட்டுவதில்லை. அதே காவிரியை நம்பிப் பயிரிடும் கரூர், திருச்சிராப்பள்ளி மாவட்ட உழவர் பலருக்கு இவ்வுறுதி வாய்க்கவில்லை.

அவர்கள் நம்பியிருப்பது கொரம்பு. ஆற்றின் குறுக்கே கழிகளை ஊன்றி, மணல் மூட்டைகளை அடுக்கி, நீரை வாய்க்காலின் தலைப்பை நோக்கித் திருப்பும் தற்காலிகத் தடுப்பே கொரம்பு ஆகும். ஆற்றில் நீர் குறையும்போது அதனை அமைப்பர். வெள்ளம் வந்தால் அது கரைந்துவிடும். பின்னர் மீண்டும் மூட்டை, மீண்டும் கழி, மீண்டும் செலவு.

இந்நிலை எவ்வாறு வந்தது? பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். சோழர் காலத்தில் வெட்டப்பட்ட அது, ஏறத்தாழ 32,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருவது. அக்காலத்தில் ஆற்றின் மட்டத்திற்கு ஏற்பவே வாய்க்கால்களின் தலைப்புகள் அமைந்தன. பிற்காலத்தில் அளவின்றி மணல் அள்ளப்பட்டதால் காவிரியின் படுகை தாழ்ந்துவிட்டது. நீர் கீழே ஓடுகிறது. வாய்க்கால் மேலே காத்திருக்கிறது. நடவு முடிந்த வயலில் இளம்பயிர் அவ்வாறு காத்திருக்க இயலாது.

ஆகவே, தலைப்புகளுக்கு அருகே நிலையான படுகை அணைகள் வேண்டும் என்பது என் கருத்து. படுகை அணை என்பது மேட்டூர் அணையைப் போன்று நீரைத் தேக்கி வைப்பதன்று. அது நீர்மட்டத்தைச் சில அடி உயர்த்தும் தாழ்ந்த சுவர். மிகுதி நீர் அதன்மேல் வழிந்து செல்லும். நீரைத் திருப்பும் இக்கலை நமக்குப் புதியதும் அன்று. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, மணற்படுகையின்மீதே நிற்கிறது. ஆர்தர் காட்டன் அதனை ஆராய்ந்து வியந்தார். மாயனூரிலும் 2014-இல் கதவணை திறக்கப்பட்டது.

கீழ்ப்பகுதி உழவர்க்கு நீர் குறையுமே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. சுவரின் உயரத்தையும் தலைப்பு மதகின் அகலத்தையும் இரு தரப்பாரும் அறியக் கணக்கிட்டு, அளவுகோலை அங்கேயே பதித்துவிட்டால் ஐயம் குறையும். கொரம்பில் அவ்வாறு அளந்து காட்ட எதுவும் இல்லை.

கட்டிவிட்டால் போதும் என்பாரையும் நான் ஏற்கவில்லை. 1836-இல் கட்டத் தொடங்கிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டு 22 அன்று ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. பராமரிப்புக்கெனத் தனி நிதி ஒதுக்காமல் எழுப்பும் அணை, விலையுயர்ந்த கொரம்பாகவே முடியும். அணைக்கு மேலும் கீழும் மணல் அள்ளுவதையும் தடுத்தல் வேண்டும். இல்லையேல் சுவரின் அடித்தளமே அரிக்கப்படும்.

மேட்டூர் அணையைப் பாசனத்திற்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கோடைத் திங்கள்களில்தான் படுகை வறண்டிருக்கும். மட்டம் அளக்கும் பணியை அப்போதே முடித்தல் வேண்டும்.